ஊக்குப் போட்ட செருப்பு

மார்ச் 3, செவ்வாய்

உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் உயிருடன் இருப்பவர்கள் எத்தனை பேர்?

முதல் கேள்விக்கு 'ஒன்று' என்று எழுதினேன். இரண்டாவதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம். ஒவ்வொரு வருடமும் இதே பக்கத்தில், இதே கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறது. போன வருடம் 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன். "இங்கே எண் மட்டும்தான் எழுத வேண்டும்" என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா. பூஜ்யமும் எண்தான், ஒன்றும் எண்தான். கல்லூரியில் பதினாறு வருடம் புள்ளியியல் நடத்தியவளுக்கு இரண்டில் ஒன்றைப் போட வரவில்லை. கடைசியில் அவரே ஒரு கோடு இழுத்து வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்.

இந்த முறை கெடு 20ஆம் தேதி.

மார்ச் 5, வியாழன்

இன்று இரண்டு விசாரணைகள். காலையில் நான் மூன்று பிள்ளைகளின் தாய். மதியம் நான் மூட்டை தூக்குபவன், அறுபது வயது, ஒரு கண் இல்லை.

புகலிடம் கேட்டு வருபவர்கள் நம் மொழியில் சொல்வதை இந்த ஊர் மொழியில் அதிகாரியிடம் சொல்வது என் வேலை. அவர்கள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அறைக்கு வெளியே அவர்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஐந்து வருடமாக இவற்றை மீறியதில்லை. எனக்குப் பொருந்துகிற வேலைதான். சொந்தமாக எதையும் சொல்ல வேண்டாம்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவின் போன். அம்மா வேறொரு நாட்டில், சித்தி வீட்டில் இருக்கிறாள். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பேச்சு.

"தம்பிகிட்டேர்ந்து ஏதாவது?"

"இல்லம்மா."

"அவனுக்கு உன் நம்பர் தெரியாதுல்ல."

"தெரியாதும்மா."

இன்று கூடுதலாக ஒன்று: "அவனுக்குக் குளிர் ஆகாது. எங்கயாவது பாத்தீன்னா ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடு."

எங்கேயாவது பார்த்தால்! கடைத்தெருவில் எதிரே வருவான் என்பது போல. எரிச்சலோடு போனை வைத்தேன். பிறகு காய்கறி வாங்கப் போனவள் துணிக்கடைக் கண்ணாடியின் முன் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சாம்பல் நிறம் அவனுக்கு எடுக்கும். என்ன அளவு? போகும்போது ஒல்லியாக இருந்தான். எனக்கு ஜூனில் ஐம்பது என்றால் அவனுக்கு நாற்பத்தைந்து. தொப்பை போட்டிருக்குமா?

வெங்காயம் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

ஒன்பதரைக்கு இரண்டாம் மாடி, ஏழாம் அறை. அதிகாரி, பச்சை மையில் மட்டுமே எழுதும் அந்தப் பெண். எனக்குள் அவளைப் பச்சைப்பேனா என்று கூப்பிடுவேன். வந்தவர் ஒரு வெல்டர். முப்பத்தைந்து வயதிருக்கும், இடது புருவத்தில் தழும்பு. இங்கே வந்து இரண்டு வருடம். முதல் மனு 'போதிய விவரம் இல்லை' என்று தள்ளுபடியானது. இதுவும் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பிப் போகிறவர்களை அங்கே என்ன செய்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உட்கார்ந்ததும், "வணக்கம்க்கா" என்றார்.

"இங்க அக்கா எல்லாம் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர்னு சொல்லுங்க."

"அவ்வளவு நீளமாக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள விசாரணையே முடிஞ்சிடும்க்கா."

பச்சைப்பேனா நிமிர்ந்தாள். அதையும் மொழிபெயர்த்தேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்ததைச் சொன்னார். விடிந்ததும் சீருடைக்காரர்கள் வந்து, ஆண்கள் மட்டும் வெளியே வரவேண்டும் என்றதைச் சொன்னார். எல்லோரும் சொல்வதுதான். என் வாய் தன் போக்கில் வேலை செய்துகொண்டிருந்தது.

"வாசல்ல செருப்பு குவிஞ்சு கிடந்துச்சு. என்னோடது கிடைக்கல. அவசரத்துல எங்க அக்கா செருப்ப மாட்டிக்கிட்டேன். ரொம்பச் சின்னது, குதிகால் வெளிய நின்னுச்சு. அக்கா பின்னாலேர்ந்து கத்தினா, என் செருப்ப விட்டுட்டுப் போடான்னு. லாரியில ஏத்தினவன் அதப் பாத்துச் சிரிச்சான்."

நான் சொன்னது: "என் செருப்பு கிடைக்கவில்லை. அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டேன். மிகச் சிறியது, குதிகால் வெளியே நின்றது. வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. அக்கா பின்னாலிருந்து கத்தினாள்..."

பச்சைப்பேனா எழுதிக்கொண்டாள். நான்காம் பக்கம்.

ஊக்கு என்று அவர் சொல்லவே இல்லை.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இந்த ஊர் மொழி அவருக்கு ஓரளவு புரிகிறது. அதற்குப் பிறகு ஒரு கேலியும் பேசவில்லை.

19ஆம் தேதி வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். படித்துக் காட்டப்போவதும் நான்தான்.

மார்ச் 12, வியாழன்

பதறாதே. பள்ளிக்கூடங்கள் நூறு. ஓடுகிற அவசரத்தில் மாற்றிப் போட்ட செருப்புகள் ஆயிரம். அக்கா என்று பிறந்தவள் எவளும் அப்படித்தான் கத்துவாள். ஒரே ஒரு தரவை வைத்துக்கொண்டு எதையும் முடிவு கட்டக் கூடாது — இதைத்தானே பதினாறு வருடம் கத்தினாய்?

ஆனால் நான் பார்த்தேன். அன்று என் தம்பி என் செருப்பில் குதிகால் தொங்க, வாத்து மாதிரி நடந்து போனான். "அஞ்சு நிமிஷத்துல கொண்டாந்து குடுக்கறேன், கத்தாத" என்றான். நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது செருப்பைப் பற்றி. போயிட்டு வா என்று சொல்லவில்லை. பத்திரம் என்று சொல்லவில்லை. செருப்பு.

அதன் பிறகு அம்மாவும் நானும் ஒன்பது நாள் நடந்தோம். நான் வெறுங்காலோடு. வழியில் உட்கார்ந்தவர்கள் பலர் எழுந்திருக்கவே இல்லை. நீங்கள் ஏன் உட்காரவில்லை, எது உங்களை நடத்தியது என்று இங்கே வந்த புதிதில் ஒரு ஆலோசகர் கேட்டார். நம்பிக்கை, மன உறுதி என்று ஏதாவது எதிர்பார்த்தார் போலிருக்கிறது.  உண்மையில் அது கோபம். அவனைக் கண்டுபிடித்து, செருப்பைப் பிடுங்கி, அதாலேயே நாலு சாத்து சாத்த வேண்டும். அந்தக் கோபத்தில்தான் நடந்தேன். இப்போதும் அதில்தான் நடந்துகொண்டிருக்கிறேனோ என்னவோ.

வெல்டர் என் தம்பி இல்லை. அப்படியென்றால் அந்தக் காலைப்பொழுது அவருடையது இல்லை. யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார்? எங்கே வைத்து? எப்போது?

இனிமேல் அவரே "ஆமா, ஊக்கு இருந்துச்சு" என்றாலும் பயன் இல்லை. நான்தான் எடுத்துக் கொடுத்துவிட்டேனே. என் மாணவி யாராவது சோதனையை இப்படிக் கெடுத்திருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

ஆனால் ஊக்கு எந்தக் கால் செருப்பில் என்று நான் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

மார்ச் 14, சனி

கடைத்தெரு முழுக்க ஆண்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மார்ச் 16, திங்கள்

மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்துக்கு எதிர்ப்புறம், பேருந்து நிறுத்தத்தில் வெல்டர் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார். நான் திரும்பிக்கொண்டு நேர அட்டவணையைப் படித்தேன். எனக்கு அது மனப்பாடம்.

மூன்று வார்த்தைதான். அவன எங்க பாத்தீங்க? மூன்றே வார்த்தை! அலுவலகத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் பேசுவதை ஒருவர் பார்த்தாலும் வாக்குமூலம் செல்லாது. அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டால்தான் உயிர் பிழைக்க முடியும் என்று ஒரு மனிதன் நினைத்திருக்கிறான். மறுபடியும் நான் பின்னால் நின்று, என் செருப்ப விட்டுட்டுப் போடா என்று கத்த வேண்டுமா?

பேருந்து வந்தது. ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அங்கேயே நின்றிருந்தார்.

பாவி. நான்தான்.

மார்ச் 18, புதன்

தீர்மானம். நாளை அறைக்குள் போனதும் ஒரே வாக்கியம்: நான்காம் பக்கத்தில் ஊக்கு பற்றிய வரி மொழிபெயர்ப்பாளரின் பிழை, அடித்துவிடுங்கள். காரணம் சொல்லமாட்டேன். செருப்பு அவருடையதாகவே இருக்கட்டும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும். தம்பியைப் பற்றி எதுவும் கேட்கமாட்டேன்.

படிவம் இன்னும் மேஜை மேல் கிடக்கிறது. கட்டம் காலி.

மார்ச் 19, வியாழன்

நடந்தது இது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வெல்டர் பேசிவிட்டார். "நாலாம் பக்கத்துல ஊக்குன்னு எழுதியிருக்குல்ல, அத நான் சொல்லல."

மொழிபெயர்த்தேன்.

"அப்படியானால் யார் சொன்னது?" என்று பச்சைப்பேனா கேட்டாள்.

"நான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அந்த அறையில் நான் எனக்காகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "மொழிபெயர்ப்பாளர். என் பிழை" என்றேன்.

வெல்டர் நிறுத்தவில்லை. "ஆனா ஊக்கு இருந்துச்சு. செருப்புதான் என்னோடது இல்ல. அதப் போட்டிருந்தவன் வேற ஆளு. நான் லாரியில அவனுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவன். நின்னேன், ஓடினேன், என் கதையில வேற என்ன இருக்கு? விவரம் பத்தலைன்னு அனுப்பிட்டீங்க. அதான் அவன் கதைய எடுத்துக்கிட்டேன்."

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். தன் வாக்குமூலத்தைத் தானே கிழித்துப் போடுகிறோம் என்று அவருக்குத் தெரியும். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சைப்பேனா பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். "அந்தச் செருப்பைப் போட்டிருந்தவருக்கு என்ன ஆனது?"

இதை நான் அவரிடம் கேட்டாக வேண்டும். அதுதான் என் வேலை.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"பதினோரு நாள் ஒரே கொட்டகையில கிடந்தோம். பன்னெண்டாம் நாள் ரெண்டு லாரி வந்துச்சு. என் கால்ல ஒண்ணும் இல்லைன்னு ஏறறதுக்கு முன்னாடி செருப்பக் கழட்டி எங்கிட்ட குடுத்தான். எங்க லாரி பாலத்துல பழுதாகி நின்னுடுச்சு, குதிச்சு ஓடினோம். அவன் இன்னொரு லாரியில. அது எங்க போச்சுன்னு தெரியல. அந்தச் செருப்பப் போட்டுக்கிட்டுதான் எல்லையைத் தாண்டினேன்."

"எல்லையைத் தாண்டினேன்" வரைக்கும் சொல்லி முடித்தேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

"இடது செருப்பு," என்றார். "ஊக்கோட முனை உள்பக்கம் பாத்து இருக்கும். நடந்தா பெருவிரலக் குத்தும். தினமும் திட்டுவான். எங்க அக்கா காலேஜ்ல பாடம் நடத்தறா, ஒரு ஊக்க ஒழுங்காக் குத்தத் தெரியல, அவ காலப் பாரு எலிக்கால் மாதிரின்னு. குடுக்கறப்ப, பத்திரமா வச்சிரு, திருப்பிக் குடுக்கலைன்னா அக்கா என்னைக் கொன்னுடுவான்னான்."

இடது. முனை உள்பக்கம். அவனைக் கொண்டுபோனதற்கு முந்தின நாள் என்னையும் குத்தியது. மாற்றிக் குத்தச் சோம்பல் பட்டேன்.

"என்ன சொல்கிறார்?" என்றாள் பச்சைப்பேனா.

"இதை என்னால் மொழிபெயர்க்க முடியாது" என்றேன். "இது எனக்குச் சொன்னது. அந்த அக்கா நான்."

விசாரணை அத்தோடு நின்றது. மனுவைத் தள்ளுபடி செய்யவில்லை. ஏப்ரலில் வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து அவருடைய சொந்தக் கதையைப் புதிதாக எழுதப்போகிறார்கள். அது போதுமா என்று யாருக்கும் தெரியாது. என் பிழை மேலிடத்துக்குப் போகிறது. அதுவரை எனக்கு வேலை இல்லை. "இப்போது நீங்கள் அவருடைய மொழிபெயர்ப்பாளர் இல்லை. பேசுவதற்குத் தடை இல்லை" என்று சொல்லிவிட்டுப் பச்சைப்பேனா கோப்புகளோடு உள்ளே போனாள்.

நடைவழி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். 

"செருப்பு தேஞ்சு பிஞ்சு போச்சுக்கா. கொண்டுவர முடியல."

பரவாயில்லை என்று சொல்ல நினைத்தேன்.  "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பயத்துல ஒண்ணும் இறங்கலக்கா."

கீழே சிற்றுண்டிச்சாலையில் மூன்று மணி நேரம் இருந்தோம். கொட்டகையில் கெட்டுப்போன ஒரு ரேடியோவைத் தம்பி ஒரு ஆணியை வைத்தே சரிசெய்தானாம். அதைப் பிடுங்கிக்கொண்டு போனார்களாம், மறுநாள் பழுது என்று அவனிடமே கொண்டுவந்தார்களாம். அவன்தான். வேறு யார்?

ஆக, என் தம்பி உயிரோடு இருந்த கடைசி நாள் பன்னிரண்டு நாள் தள்ளிப் போயிருக்கிறது. ஆதாரம் அவ்வளவுதான். ஆறு வருடத்தில் பன்னிரண்டு நாள். வீட்டுக்கு வந்து படிவத்தின் காலிக் கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினேன். பேனாவால்.

ஞாயிறு வரை பொறுக்கவில்லை, அம்மாவைக் கூப்பிட்டேன். லாரியைப் பற்றிப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். எலிக்காலை மட்டும் சொன்னேன்.

 அம்மா கேட்டாள்: "இன்னும் அந்த வாய் அடங்கலையா அவனுக்கு?"

"இல்லம்மா," என்றேன். "அடங்கல."