களப்பு நண்டின் பெயர்

மாசி 3, செவ்வாய்
காலையில் பனி, பிறகு கொளுத்தும் வெயில். முள்ளிவாய்க்காலுக்கு ஆங்கில ரீச்சராக இடமாற்றமாகி வந்து ஒரு மாதம். பள்ளிக்கூடம், அறை. அறை, பள்ளிக்கூடம். இரவெல்லாம் நுளம்புக்கடி. சவர்க்காரம், நுளம்புச்சுருள் வாங்க வேண்டும்.

பின்னேரம், கடல்நீர் தேங்கும் களப்புப் பக்கம் நடை. தண்ணீர் வற்றிய சேற்றில் சின்னச் சின்ன நண்டுகள். சிலவற்றுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிது. கிட்டப் போனதும் எல்லாம் பொந்துக்குள். அசையாமல் நின்றேன். ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

வீட்டுக்காரி பாக்கியம் அக்காவிடம் அதன் பெயர் கேட்டேன்.
"நண்டுதான். கறிக்கு உதவாது." கதவைச் சாத்திவிட்டார்.

மாசி 4, புதன்
போனில் தேடினேன். ஆங்கிலத்தில் பிடில்காரன் என்று பெயர். ஆணுக்குத்தான் பெரிய கை. சின்னக் கையால் சேற்றை அள்ளி அள்ளி வாய்க்குக் கொண்டுபோவது, பெரிய கையின் மேல் வில் போடுவதுபோல் தெரிந்திருக்கிறது. ஆனால் பெரிய கையைத் தூக்கி ஆட்டுவது வாசிக்க அல்ல. பெண் நண்டைக் கூப்பிட.

லண்டனில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அக்கா, வேலையில நிக்கிறன். நண்டுக் கதைக்கோ எடுத்தனீங்கள்?"
வேறு யாருக்குச் சொல்வது.

மாசி 6, வெள்ளி
கரண்ட் இல்லை. பா. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார், முதல் தடவையாக. பேச ஒன்றுமில்லாமல் நண்டின் பெயர்க் கதையைச் சொன்னேன். நண்டு கையை ஆட்டும் வீடியோவும் போனில் காட்டினேன்.

"இது வா எண்டு கூப்பிடுறதோ ரீச்சர்?"
"ஓம்."

போனைத் திருப்பித் தந்தார். பிறகு தானாகவே சொன்னார். சண்டையின் கடைசி நாட்கள். தப்புவதற்காக எல்லோரும் களப்புக்குள் இறங்கி நடந்திருக்கிறார்கள். கணவர் தன் தாயைத் தூக்கிவரத் திரும்பிப் போனாராம்.

"நான் அங்கால கரையில நிண்டு திரும்பிப் பாத்தனான். கையைத் தூக்கிக் காட்டினவர். வா எண்டோ, போ எண்டோ தெரியேல்லை. நான் போயிட்டன்."

அவர் வரவேயில்லை. களப்பு இங்கிருந்து கூப்பிடு தூரம். அதற்குப் பிறகு அக்கா அந்தப் பக்கம் போனதில்லை.

ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

மாசி 7, சனி
தலையிடி. உடுப்புத் தோய்த்தேன். பின்னேரம் களப்புக்கு வெளிக்கிட, அக்கா செருப்போடு வாசலில். "நானும் வாறன்."

பனைகள் முடியும் இடத்தில் நின்றுவிட்டார்.
"எனக்கு இவ்வளவு தூரம் காணும் ரீச்சர். நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் இதில நிக்கிறன்."

சேற்றோரம் குந்தியிருந்தேன். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அக்கா அங்கேயேதான். நான் நேரத்தை மறந்துவிட்டேன்.

"ரீச்சர், இருட்டுது! வாங்கோ, வீட்டை போவம்!"

அம்மா காலமான பிறகு யாரும் என்னை வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உடனே எழும்ப முடியவில்லை.