உப்பு தெளித்த பாய்கள்

12 செப்டம்பர் 1993, ஞாயிறு

இன்று வெள்ளைத்தாய் கையால் முதுகில் இரண்டு அடி. வெள்ளைத்தாய் என் அம்மாதான். கோபம் வந்தால் நோட்டில் பேர் சொல்லித்தான் எழுதுவேன்.

குற்றம்: காளைக்கு வைத்த வைக்கோலைச் சாணித் தண்ணீரில் முக்கி வைத்தேன். அது மோந்து பார்த்து, ஒரு தும்மல் போட்டு, என் கணக்கு நோட்டைப் பார்க்கும் டீச்சர் மாதிரியே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அதைப் பார்க்கத்தான் செய்தேன்.

“வாயில்லாச் சீவன்ட்டயாட்டி ஒன் வெளாட்டு? பரிபூரணம்னு பேரு வச்சதுக்கு அரைகொறைன்னு வச்சிருக்கலாம்.”

19 செப்டம்பர்

அப்பாவுக்குப் புதுப் பைத்தியம். வருஷா வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் கண்மாய்க் கரை கரைந்து, அந்த மண் பூராவும் எங்கள் வயலுக்குள் வந்து படுக்கிறது. கரைச் சரிவில் வைக்கோலைப் பாயாகக் கட்டி விரித்தால் மண் நிற்குமாம். ரேடியோவில் கேட்டாராம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஓவர்சியரைப் போய்ப் பார்த்தே விட்டார். “அம்பது அடிக்கு விரிச்சுக் காட்டுங்க. இந்த மழைக்கு நின்னா கரை பூராவும் விரிக்கிற காண்ட்ராக்ட் உங்களுக்குத்தான்” என்றாராம்.

நிற்காவிட்டால்? அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா ராஜபாளையம் மில்லுக்குப் போக வேண்டும். மாமா வேலை பார்த்து வைத்திருக்கிறார். மாமா வீட்டிலேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே. மூணடுக்கு டிபன் கேரியர்கூட வாங்கியாயிற்று.

அப்பா போய்விட்டால் நான் யார் துண்டில் ஓணானை முடிந்து வைப்பது? அண்ணன் கருத்தப்பாண்டி இருக்கிறான். ஆனால் அவன் அழுவான். அப்பாதான் சிரிப்பார்.

26 செப்டம்பர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெய்னுலாப்தீன் பாய் கடையில் கயிறு வாங்கினோம். பாய்க்குக் கயிறு கொடுப்பவரும் பாய்!

“எதுக்கும்மா இம்புட்டுக் கயிறு?”

“மண்ணக் கட்டிப் போட.”

“மண்ணு என்ன களவாணிப்பயலா?”

“வருஷா வருஷம் ஓடிப் போகுதே பாய்.”

சிரித்துக்கொண்டே ஒரு முடி கயிறு கூடப் போட்டுக் கொடுத்தார்.

3 அக்டோபர்

விரலெல்லாம் வைக்கோல் கீறல். பேனா பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மாடத்தி அத்தை எட்டிப் பார்த்து, “யாருக்குட்டி கல்யாணம், இம்புட்டுப் பாய் முடையுறீய?” என்றாள். கண்மாய்க்கு என்றேன்.

9 அக்டோபர், சனி

விரித்தாயிற்று! ஐம்பது அடி. கருவேலங்குச்சி அடித்து இறுக்கிவிட்டோம். கரைக்குப் பொன்னாடை போர்த்தியது மாதிரி இருக்கிறது.

10 அக்டோபர்

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் போனால் ஊர் மாடு பூரா அங்கனதான் பந்தி உக்காந்திருக்கு. குச்சியும் கயிறும்தான் மிச்சம். அதுக வைக்கோல் தின்னும்னு எங்களுக்குத் தெரியாதா என்ன? ஆனா சுத்தி அம்புட்டுப் பச்சப்புல் கெடக்கே, அதை விட்டுட்டு ஏன் இதை?

அண்ணன் ஒரு துரும்பை எடுத்துக் கடித்தான். “கரிக்குதுப்பா.”

அப்பா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். “நாந்தாம்ல. வைக்கப்போர் வைக்கையில உப்புத் தண்ணி தெளிச்சிட்டேன். கைப்பழக்கம்.”

வருஷா வருஷம் செய்வதுதான். ஈர வைக்கோல் மக்காது, மாடும் ருசியாகத் தின்னும். இந்த வருஷம் அது மாட்டுக்கில்லை என்று கைக்குத் தெரியவில்லை.

அம்மா டிபன் கேரியரைக் கழுவிக் காயவைத்தாள். அதற்கு அவள் திட்டியே இருக்கலாம்.

11 அக்டோபர்

கணக்கு வகுப்பு. டீச்சர் என் நோட்டைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பினார். எனக்குக் காளை ஞாபகம் வந்தது. அப்புறம்தான் – அடடா!

மணி அடித்ததும் ஓட்டம். “யப்பா, மிச்ச வைக்கோலைச் சாணியில முக்குவோம்!” அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

அப்பா ஒரு கை வைக்கோலை முக்கிக் காளை முன்னால் நீட்டினார். அதே தும்மல். அதே மூஞ்சி.

அம்மாதான் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். “நம்ம தொழுவத்துச் சாணி பத்தாது. மாடத்தி வீட்டுல கேட்டுட்டு வாரேன்.”

17 அக்டோபர்

மறுபடி ஐம்பது அடி. மாடுகள் வந்தன, மோந்தன, போயே போயின. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். முதல் பெஞ்சு முழுக்க எனக்கே.

29 அக்டோபர், வெள்ளி

நாலு நாளாக மழை. அப்பா குடையும் கையுமாகக் கரைக்கும் வீட்டுக்கும் நடக்கிறார்.

2 நவம்பர், செவ்வாய்

மழை விட்டது. எங்கள் பாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழங்கால் ஆழத்துக்கு அரிப்பு. காலை விட்டே அளந்தேன். நடுவில் ஐம்பது அடி மட்டும் ஒன்றுமே நடக்காதது போலப் படுத்திருக்கிறது.

ஓவர்சியர் குடை நுனியால் குத்திப் பார்த்தார், நுனியை மோந்தார். சாட்சாத் காளை மூஞ்சி. நான் சிரிக்கவில்லை (பொய்).

“தங்கச்சாமி, தை பொறக்குறதுக்குள்ள கரை பூராவும் விரிச்சிரலாமா?”

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே, அடி வைத்துக் கரையை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

21 நவம்பர், ஞாயிறு

அம்மா சொல்லச் சொல்ல மாமாவுக்குக் கடுதாசி எழுதினேன். ‘அவிய இப்பத்திக்கு மில்லுக்கு வரலை.’ அவ்வளவுதான், ஒரே வரி.

மத்தியானம் கரையில் எல்லோருக்கும் வேலை. டிபன் கேரியரில் சோறு கொண்டுபோனேன். மேலடுக்கில் சோறு, நடுவில் குழம்பு. அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து அடியடுக்கைத் திறந்தார். உள்ளே, நறுக்கி அடுக்கிய வைக்கோல்.

ஒரு துரும்பை எடுத்து நாக்கில் வைத்தார்.

“ஏட்டி, உப்பு போடலையே?”