மேஜர் காருக்குப் பழைய கார்புரேட்டர்கள்

12-8-1978, சனி

அம்பாசடர் கார்புரேட்டர் அந்த இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒத்துவராது என்று அதை மாட்டிய அன்றைக்கே நான் சொன்னேன். இன்று சைனிக்புரியில் மேஜர் வீட்டில் அதைக் கழற்றிவிட்டு, காரோடு வந்த பழைய ஜோடியையே மாட்டினேன். எஞ்சின் புலி மாதிரி உறுமியது.

"என்னய்யா, ஆக்சிலரேட்டர்லேர்ந்து கால எடுத்தும் சத்தம் அடங்க மாட்டேங்குது?" என்றார் மேஜர்.

"ஃபிகர் நக்கோ சார், கவலையே வேணாம்! நீங்க கேன்டீன் போயிருந்தப்ப மல்காஜ்கிரி வரைக்கும் அறுபதுல ஓட்டிப் பார்த்துட்டேன். கால எடுத்தா பூ மாதிரி நிக்குது."

"அப்ப சரி. காலைல ஆறு மணிக்குப் பொண்ண ஸ்டேஷன்ல விடணும், இதுலயே போயிடறேன்."

வீட்டில் சட்டையைக் கழற்றினேன். பையிலிருந்து ஒரு ஸ்பிரிங் விழுந்தது. ஆக்சிலரேட்டரைத் திருப்பி இழுக்கிற ஸ்பிரிங். அது இல்லாவிட்டால் காலை எடுத்தாலும் வண்டியின் வேகம் குறையாது. ஐந்து மணிக்கே போய் அவர் வாசலில் நிற்க வேண்டும். என்ன சொல்லி நிறுத்துவேன்? மல்காஜ்கிரிக்கு நான் போகவே இல்லை. வண்டி கேட்டைக்கூடத் தாண்டவில்லை.