வெயிலா நிழலா, சொல்லு காதரு

என் உயிர் மாப்ள காதருக்கு,

சும்மா என்மேல் பாயாதே. உன் செடியை நான் வாடவிடவில்லை, வானம் வாடவிட்டது. செத்துப்போனவன் என்பதற்காக நீ சொல்வதெல்லாம் நியாயமாகிவிடுமா?

இருந்தபோது மட்டும் உனக்கு என்ன தெரிந்தது? பெங்களூர் பஸ்ஸில் துணி மூட்டையைக் காலடியில் போட்டுவிட்டு, இந்தக் குரோட்டன்ஸை மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். சிவப்பும் மஞ்சளுமாக இலையா சேலையா என்று இருந்தது. பூ இல்லை, காய் இல்லை. என் மாடுகூட மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ஜவுளிக்காரன் புத்தி உனக்கு. வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்று டின்னில் நட்டுச் சந்துக்குள் கொண்டுபோய் வைத்தாய். அப்புறம் விட்ட இலையெல்லாம் பச்சை.

"கச்சா சாயம் மாமா. பெங்களூர்க்காரன் ஏமாத்திட்டான்" என்று சந்தைக் கடையில் உட்கார்ந்து தலையில் கை வைத்தாய்.

"மொதல்ல வூட்டுல இருக்கற சேலைங்கள பிரிச்சுப் பாரு. அதுங்களும் பச்சையாயிருக்கப் போவுது" என்றேன். கடத்தூர்ச் சந்தையே சிரித்தது. நீ ஊரில் இல்லாத நாளில் நான்தான் டின்னை வெயிலுக்கு இழுத்துப்போட்டேன். பிறகு வந்த கொழுந்து ரத்தமாய்ச் சிவந்தது.

நீ போன பிறகு உன் பீவி அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போது டின்னை என் வாசலில் இறக்கினாள். "அண்ணா, நோவுலயும் இதுக்கு மட்டும் அவரு கையாலதான் தண்ணி ஊத்துவாரு" என்றாள். வாய்க்கு வந்த கிண்டலை நான் விழுங்கிவிட்டேன்.

இப்போது கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வருகிறது. வெயிலில் விட்டால் இலை கொட்டுகிறது. நிழலில் வைத்தால் உயிர் தங்கும், நிறம் போய்விடும். பச்சைச் செடி வேலிக்கு வேலி இருக்கிறது, அதில் உன்னை எங்கே தேடுவேன்? உன்னுடையது என்று என்னிடம் இருப்பது இந்தச் சிவப்பு ஒன்றுதான். டின்னை இழுப்பதும் தள்ளுவதுமாக இருக்கிறேன். பைத்தியம் என்கிறார்கள்.

"மூஞ்சி கழுவற தண்ணிய ஊத்துங்க. குடிக்கற தண்ணியில கை வெக்காதீங்க" என்கிறாள் என் பெண்டாட்டி, நீ வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட மாதம்மா.

"மூஞ்சி கழுவற பழக்கமே போயிடுச்சே புள்ள" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நீ பதில் சொல்லப்போவதில்லை. நானே முடிவு செய்துவிட்டேன். நிழலுக்கே கொண்டுபோகிறேன். பச்சையானால் ஆகட்டும், உசுரோடு கிடக்கட்டும். மழை இறங்கிச் செடி தேறியதும் வெயிலுக்கு இழுத்துப்போட்டு மறுபடி சிவக்கவைப்பேன். இது சத்தியம்.

இதுவரைக்கும் மாதம்மாவுக்குப் படித்துக்காட்டினேன்.

"மழ வரலீன்னா?" என்றாள்.

"வராம எங்க போயிடும் புள்ள? அது என்ன நம்ம காதரா, போனா திரும்பி..."

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டாள்.

உன் மாமன்,
முனுசாமி