புத்தகச் சந்தை ஒலிபெருக்கியில் என்னை நாள்தோறும் காணாமல் போகச் செய்வது பற்றி

அனுப்புநர்:
அஜீஸுன்னிசா (வயது 41),
க/பெ. மக்பூல் அகமது,
காலணித் தொழிற்சாலைத் தையல் பிரிவு மேற்பார்வையாளர்,
கொணவட்டம், வேலூர்.

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையாளர் அவர்கள்,
வேலூர், வட ஆற்காடு மாவட்டம்.

பொருள்: நகராட்சி மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகச் சந்தை – ஒலிபெருக்கியில் தவறான அறிவிப்பு – நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 10.8.85 சனிக்கிழமை மாலை நானும் என் கணவரும் மேற்படி சந்தைக்குச் சென்றோம். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரான என் கணவர், ஒரு கடையில் தேனீ வளர்ப்பு நூல் ஒன்றை நின்றபடியே படிக்கத் தொடங்கினார். எங்களிடம் தேனீ எதுவும் இல்லை. வாசலருகே சோடாக் கடையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு நான் சென்றேன். அவர் தலையாட்டினார்.

2. முக்கால் மணி நேரம் கழித்து, என் தலைக்கு மேல் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் பின்வரும் அறிவிப்பு வந்தது: "அஜீஸுன்னிசா என்ற அம்மாவைக் காணவில்லை. வயது ஐம்பது. கறுப்பு புர்கா. காது கொஞ்சம் மந்தம்." இதை நான் மிகத் தெளிவாகக் கேட்டேன். வீட்டில் என் கணவர் கூப்பிடும்போது நான் பதில் சொல்லாததற்குக் காரணங்கள் வேறு. அவை இம்மனுவுக்கு அப்பாற்பட்டவை.

3. அன்று அங்கே கறுப்பு புர்கா அணிந்தவர் நூறு பேராவது இருப்பர். தொண்டர்கள் அவர்களில் ஐவரை அழைத்துப் போய் என் கணவர் முன் நிறுத்தினர். ஐந்தாமவர் அவருடைய சொந்தத் தங்கை வஹீதா. வஹீதா மூலம் செய்தி மறுநாளே குடியாத்தம் வரை போய்விட்டது.

4. நான் மைக் கூடாரத்தை அடைந்தபோது, கணவர் என்னைத் தேடிப் புறப்பட்டிருந்தார். அவரைப் பற்றி அறிவிக்குமாறு மைக் பொறுப்பாளர் திரு. செங்கல்வராயனைக் கேட்டேன். "அதெப்படிம்மா? காணாமப் போனது நீங்க. தேடுறவங்கதான் எழுதித் தரணும். எங்கியும் போய்டாம இங்கியே உக்காருங்க" என்றார். "உங்க பேரை எழுதிட்டு, சரியா இருக்கான்னு மூணு தரம் படிச்சிப் பாத்தாரும்மா" என்றும் சொன்னார். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தேன். பின்னதைக் கேட்டதால்தான் உட்கார்ந்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

5. முடிவில் நானே எழுந்து போய், அந்தப் புத்தகக் கடையிலேயே அவரைக் கண்டுபிடித்தேன். கண் சிவந்திருந்தது. கையில் தேனீ நூல், அறுபதாம் பக்கம். "நீ எப்டியும் இங்கதான் வருவேன்னு நின்னுனு இருந்தேன்" என்றார்.

6. இத்துடன் முடிந்திருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். என் கணவர் எழுதிக் கொடுத்த சீட்டை யாரும் கிழிக்காததால் மேற்படி அறிவிப்பு இன்றுவரை மாலைதோறும் ஒலிக்கிறது. திங்களன்று வேலை முடிந்து ரிக்ஷா ஏறிய என்னை, சர்தார் பாஷா என்பவர் வீட்டில் விடாமல், "உங்கள இன்னும் தேடினு இருக்காங்கம்மா" என்று மைதானத்துக்கே ஓட்டிச் சென்றார். தொழிற்சாலையில் என் பொறுப்பில் முப்பத்திரண்டு பெண்கள் இருக்கிறார்கள். கோணல் தையலைப் பிரிக்கச் சொன்னால், "மேடத்ததான் காணோமே, யாரு சொல்றது?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்கிறார்கள். பதினோரு ஆண்டுகளில் சம்பாதித்த மரியாதை நான்கு நாளில் போயிற்று.

7. ஆகவே அவ்வறிவிப்பை உடனே நிறுத்தி, நான் கிடைத்துவிட்டதையும் என் சரியான வயதையும், கூட்டம் மிகுந்த ஆறு மணிக்கு மும்முறை அறிவிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். இதற்காகச் சந்தையின் அனுமதியை ரத்து செய்துவிட வேண்டாம். வரும் ஞாயிறு கடைசி நாள். எங்கள் பிரிவுப் பெண்கள் பன்னிரண்டு பேரை அழைத்து வருகிறேன். என் கணவர் வீட்டில் இருப்பார்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) அஜீஸுன்னிசா

இடம்: வேலூர்
நாள்: 14.8.1985