பூ முடியும் வரை தண்ணீர்

2013 ஏப்ரல் 3, புதன்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. காஸ் புக் பண்ண வேண்டும். தங்கச்சி பிரசவத்துக்குக் களியக்காவிளை போய்விட்டு இன்றுதான் வயலுக்குப் போனேன். பயறுப் பூ எல்லாம் தரையில். ஆறு ரகம், சூட்டைத் தாங்குவது எது என்று பார்க்க ஆய்வுப் பண்ணை தந்த விதை. கடும் வெயிலில் பூக்கட்டும் என்று வேண்டுமென்றே பிந்தி விதைத்தது. தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. மடை அடைத்துக் கிடக்கிறது, மண் வெடிப்பு.

தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பைக் கொழுந்தன் தாசையனிடம் விட்டுப் போயிருந்தேன். அவனிடம் கேட்டேன்.

"பூ முடியது வரைக்கும் தண்ணி வேணும்னாருல்லா ஆபீசர். கும்பப்பூதான் அறுத்தாச்சே மைனி."

நமக்குப் பூ என்றால் நெல் போகம். கோயம்புத்தூர்க்கார ஆபீசருக்குப் பூ என்றால் செடியில் பூக்கிற பூ. சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான்.

ஏப். 5

அதிகாரி வந்தார். "வெயில்ல உதிர்ந்துச்சா, தண்ணியில்லாம உதிர்ந்துச்சான்னு எப்படிங்க சொல்றது? இந்த வருசம் விட்டுடலாங்க."

தண்ணீர் விட்டால் மறுபடி பூக்கும், அப்போது வெயில் இன்னும் கூடும், நல்லதுதானே என்றேன். ஆபீஸ் கணக்கில் வராதாம். வராவிட்டால் போகட்டும்.

சாயங்காலம் சவுதியிலிருந்து இவர் போன். "பயறும் போச்சுல்லா? வயல வாழைக்குப் பாட்டத்துக்கு விட்டுரு." அப்பா எனக்கு எழுதித் தந்த வயல், அதைக் குத்தகைக்கு விடுவதா. போனை வைத்துவிட்டேன்.

ஏப். 9

மடை திறந்தாச்சு. தாசையன் தினமும் பாய்ச்சுகிறான். "இது எந்தப் பூவுக்கு மைனி?" பேசக் கூடாது என்றிருந்தேன், சிரித்துவிட்டேன். மீன்காரி வரப்பில் நின்று, "இந்த வெயில்ல பயறா, ஒனக்கு வட்டா?" ஆமாம், பைத்தியம்தான். சாளை வாங்கினேன்.

ஏப். 24

மறுபூ. மதியம் வரப்பில் கால் வைக்க முடியவில்லை. தண்ணீர் நிறைய இருந்தும் ஐந்து ரகத்தில் பூ உதிர்கிறது. அப்படியானால் வெயில்தான். உதிரட்டும், அதுவும் தெரிய வேண்டியதே. கடைசி வரிசை மட்டும் பிடித்து நிற்கிறது. நாளை இதுவும் போகுமோ என்று பயம்.

மே 4, சனி

தலைவலி. வாழைக்குப் பாட்டம் எடுக்க வந்தவர் அளக்கிற டேப்போடு வயலில். இவர் அங்கிருந்தே பேசி முடித்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கடைசி வரிசை நிறையக் காய். ஒன்றைப் பிளந்து காட்டினேன், மணி திரண்டிருந்தது.

"ஒங்க வீட்டுக்காரரு சம்மதிச்சாச்சே."

"வயலு எனக்க பேர்ல கெடக்கு. இது விதைக்கு நிக்குது. டேப்பைச் சுருட்டும்."

அவர் அசையவில்லை. டேப்பின் மறுமுனை தாசையன் கையில். என்னைப் பார்த்தான், பயறைப் பார்த்தான். டேப் முனையை விட்டுவிட்டான்.