பரசுராம விலாஸ் மாடியறை

ஸ்ரீபெரும்புதூர்,
நவம்பர் 18

அன்புள்ள தம்பி வெங்கடேசனுக்கு அக்கா அலமு எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீயும் ஜோதியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான்கு நாளாக என் போனை நீ எடுக்கவில்லை. எடுத்தாலும் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். முழுவதும் படி.

நம் மாடியறைப் பெண் மாரிசெல்விக்கு நேற்று இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இனி எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய முடியாதாம். போன் கம்பெனி லைனில் நிற்காமல் என்ன வேலை இருக்கிறது? அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அன்று நடந்ததை உனக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். மூன்று நாளாக மழை. நைட் ஷிப்ட் முடித்து வந்து நம் மாடியறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். காலை பத்து மணிக்கு உத்தரம் முறிந்து அவள் கால்மேல் விழுந்தது. வருடக்கணக்கில் மழை ஒழுகி இற்று, கரையானும் தின்று உள்ளே மாவாகிப்போன மரம். போன வருடமே கொத்தனார் தட்டிக் காட்டி, இங்கே ஆள் வைக்காதீர்கள் என்றார். விற்கப்போகிற வீட்டுக்கு எதற்கு ரிப்பேர் என்று நீ கேட்டாய். நானும் பேசாமல் இருந்துவிட்டு நான்கு பெண்களைக் குடிவைத்தேன்.

போலீஸ் வந்ததும் உனக்குத்தான் போன் செய்தேன். "அந்த ரூமைப் பூட்டி வச்சிருந்தோம், பொண்ணுங்களே தெறந்துகினு போய் படுத்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்துடுக்கா" என்றாய். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கனிஷ்காவை உனக்குத் தெரியாது. நம் தெருவின் ஐந்து பெரிய வீடுகளைப் பற்றி எழுதுகிற சென்னைக் கல்லூரி மாணவி. நெல் மண்டிக்காரர் வீடு லாட்ஜானது, கணக்குப்பிள்ளை வீட்டை இடித்துப் பார்க்கிங் போட்டார்கள், எல்லாம் நான்தான் சொன்னேன். கொள்ளுத்தாத்தா பரசுராமன் பர்மாத் தேக்கு இறக்கி 1886இல் நம் வீட்டைக் கட்டியதையும், கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே கூப்பிட்டு சாப்பாடு போட்டதையும் பெருமையாகச் சொன்னேன். உத்தரம் விழுந்த மறுநாள் அவள் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு நகல் கொண்டுவந்தாள். காட்டலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கொடுத்தாள்.

பென்னலூர் குப்பச்சி என்பவள் கலெக்டருக்குக் கொடுத்த மனு அது. இந்த வீடு கட்டும்போது சாரம் சரிந்து அவள் புருஷன் செத்திருக்கிறான். குடித்துவிட்டு ஏறினான் என்று கொள்ளுத்தாத்தா சாட்சி சொல்லியிருக்கிறார். என் புருஷன் கள்ளைத் தொட்டதே இல்லை, சாரக் கயிறு இற்றுப்போயிருந்தது வீட்டுக்காரருக்குத் தெரியும் என்று அவள் எழுதச் சொல்லியிருக்கிறாள். மனு தள்ளுபடி. அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எந்தக் காகிதத்திலும் இல்லையாம்.

அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாரிசெல்வியின் அப்பா இசக்கியப்பன் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். நான் எழுதிக் கொடுத்தது அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். "மழையில நீங்கதான் தூக்கிட்டு வந்தீயளாம். நல்லாருக்கணும் தாயி" என்றார். என்னால் உட்கார முடியவில்லை.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். முதலில் கொடுத்தது பொய் என்றும், கொத்தனார் எச்சரித்தது நம் இரண்டு பேருக்கும் தெரியும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பெயரை விட்டுவிடலாமா என்று ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். விடவில்லை. வீடு வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டார். உனக்கும் சம்மன் வரும் என்கிறார்கள்.

குழந்தையிலிருந்து உன்னை நான் யாரிடமும் காட்டிக் கொடுத்ததில்லை. இதற்காக நீ என்னை எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இசக்கியப்பனிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன், அவரும் தினமும் கும்பிடுகிறார். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, தம்பி.

உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். கோபத்தோடு வந்தாலும் சரி, வா.

உன் அக்கா,
அலமு